அயலான் குரலும் அயலான் கையும்

1851ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தெஹ்ரான் நகரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. 'நிகழ்ந்த சம்பவங்கள்' என்பது அதன் பெயருக்கு ஏறத்தாழப் பொருள். இளம் மன்னரான நாஸிருத்தீன் ஷாவுக்குப் பிரதம மந்திரியாயிருந்த மீர்ஸா தகீ கான் அதனைத் தோற்றுவித்தார். அமீர் கபீர் என்று வரலாறு போற்றும் பெருமகன் இவரே. நாட்டில் வதந்தி ஒழியவேண்டும். அரசாங்கத்தின் நோக்கத்தையும் உலகின் நடப்பையும் மக்கள் எழுத்திலே கண்டு தெளியவேண்டும் என்பது அவருடைய கருத்து. குறிப்பிட்ட தொகைக்கு மேற் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் யாவரும் அதனைக் கட்டாயமாக வாங்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

அவ்வாண்டு முடிவதற்குள் அரண்மனைச் சூழ்ச்சியால் அமீர் கபீர் பதவி இழந்து காஷான் நகருக்கு அனுப்பப்பட்டார். 1852 ஜனவரியில், மன்னரின் ஆணையோடு வந்தவர்கள், பீன் தோட்டத்து நீராடு மண்டபத்தில் அவருடைய இரத்தக் குழாய்களை வெட்டுவித்துக் கொன்றனர். அவர் பெற்றெடுத்த பத்திரிகையோ, அவர் நோயுற்றிருக்கிறார், முகமும் காலும் வீங்கியிருக்கின்றன என்று முதலில் எழுதிற்று. பின்னர் அவர் இறந்துபோனார் என்று எழுதிற்று. வதந்தியை ஒழிக்கப் பிறந்த பத்திரிகை, தன்னைப் பெற்றவனின் கொலையையே நோய் என்று சொல்லித் தன் வாழ்க்கையைத் தொடங்கியது. உண்மையை அறிய விரும்பிய பாரசீகர்கள் அன்று கடைத்தெருவில் எழுந்த வதந்தியையே நாடவேண்டியிருந்தது. அந்த வதந்தியே மெய்யாயும் இருந்தது.

ஈரானிய மக்கள் அந்நியத் தலையீட்டை எவ்வாறு நோக்கினர் என்பதை ஆராய்வோர் எண்ணெயையும் எல்லைகளையும் படைகளையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். அவை யாவும் வேண்டியனவே. ஆனால் அந்த மக்கள் செய்தியை எங்கிருந்து பெற்றனர், யார் சொன்னால் நம்பினர் என்பதும் அவற்றுக்கு இணையான ஒரு காரணமாகும். சொந்த அரசாங்கத்தின் குரலை நம்பாதவன் அயலானின் குரலுக்குச் செவி சாய்க்கிறான். அயலானோ தன் பொருட்டே பேசுகிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆதலால் அவன் அயலானின் செய்தியை நம்புகிறான், அயலானை நம்புவதில்லை. ஒரு காதாற் கேட்டு மறு கண்ணாற் சந்தேகிக்கும் இந்த வழக்கம் ஈரானில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்தது.

வானொலி தோன்றுவதற்கு முன்னரே இதன் வித்துக்களைக் காணலாம். 1890இல் நாஸிருத்தீன் ஷா, பாரசீகத்தின் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் உள்ள தனியுரிமையை ஓர் ஆங்கிலேயருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு வழங்கினார். அதன் தீமையை எடுத்துக்காட்டி மக்களுக்கு உணர்த்தியது இஸ்தான்புல் நகரில் அச்சாகிவந்த 'அக்தர்' என்னும் பாரசீகப் பத்திரிகை. லண்டனிலிருந்து 'கானூன்' வந்தது. சில ஆண்டுகளின் பின் கல்கத்தாவிலிருந்து 'ஹப்லுல் மத்தீன்' வந்தது. தன் நாட்டின் நிலையை அறியப் பாரசீகன் கல்கத்தாவிலிருந்து வரும் கடதாசிக்காகக் காத்திருந்தான் என்பது வியப்புக்குரியதே. புகையிலையைத் தொடுவது பாவம் என்ற மார்க்கத் தீர்ப்பு 1891 டிசெம்பரிற் பரவியபோது நாடு முழுவதும் ஹுக்காவைக் கீழே வைத்தது. அரண்மனைப் பெண்களும் வைத்தனர் என்பர். அடுத்த மாதமே ஒப்பந்தம் முறிந்தது. அயல்நாட்டில் அச்சான தாளைப் படித்து அந்நியனை வெளியேற்றினர் என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. அயல்நாட்டிலிருந்து வந்த செய்தி அந்நியத் தலையீட்டுக்கு வாயிற்கதவைத் திறக்கவில்லை. அதனை அடைக்கவே உதவிற்று.

அக்கதவை அடைக்கவேண்டிய தேவையும் பெரிதாயிருந்தது. 1907இல் பிரித்தானியாவும் ருஷியாவும் பாரசீகரைக் கேளாமலே பாரசீகத்தைத் தத்தம் செல்வாக்கு வட்டங்களாகப் பிரித்துக்கொண்டன. 1919இல் நாட்டின் நிதியையும் படையையும் ஆங்கில ஆலோசகரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட பிரதம மந்திரியும் இரு மந்திரிகளும் அதற்காகப் பிரித்தானியரிடம் பணம் பெற்றிருந்தனர். அரசாங்கம் ஒன்றைக் கூறும்போது அதன் பின்னால் எந்தத் தூதரகம் நிற்கிறது என்று கேட்பது அக்காலத்துப் பாரசீகனுக்கு மனநோய் அன்று. அனுபவம் தந்த பாடம்.

1940 ஏப்ரல் 24இல் தெஹ்ரான் வானொலி திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் முடிக்குரிய இளவரசர் முஹம்மது ரிஸா. குடிகளின் எண்ணத்தைப் பண்படுத்துவதற்கென்று தந்தை ரிஸா ஷா அமைத்த இயக்கத்தின் ஓர் அங்கமாகவே வானொலி பிறந்தது. எண்ணத்தைப் பண்படுத்துவதென்றால் மன்னரின் புகழைப் பாடுவதென்று அதிகாரிகள் பொருள் கொண்டனர். கேட்போர் அலுத்து பெர்லின் வானொலியைத் திருப்பினர். பஹ்ராம் ஷாருக் என்ற ஈரானியர் அங்கிருந்து பாரசீக மொழியில் முழங்கிக்கொண்டிருந்தார். ஜேர்மனி தொலைவிலிருந்தது, ஈரானிற் பங்கு கேட்ட வரலாறும் அதற்கு இல்லை, பிரித்தானியாவுக்கும் ருஷியாவுக்கும் அது பகை. அக்குரல் இனித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. பெர்லினுக்கு மறுமொழியாக 1940 டிசெம்பர் இறுதியில் லண்டன் பி.பி.சி. தன் பாரசீக ஒலிபரப்பைத் தொடங்கியது.

1941 ஓகஸ்ட் 25 அதிகாலை, வடக்கிலிருந்து சோவியத் படைகளும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பிரித்தானியப் படைகளும் ஈரானுட் புகுந்தன. இருபது ஆண்டுகளாகப் பெரும் பொருள் செலவிட்டு வளர்த்த சேனை சில நாட்களிற் சிதறியது. அதன்பின் நடந்ததே நம் பொருளுக்கு முக்கியமானது. செப்டெம்பர் மாதத்து இரவுகளில் லண்டன் வானொலியும் டில்லி வானொலியும் பாரசீக மொழியில் ரிஸா ஷாவைப் பற்றிப் பேசத் தொடங்கின. குடிகளின் நிலங்களைப் பறித்து நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளராக அவர் மாறியதையும், அரசியலமைப்பை வெறுந்தாளாக்கியதையும் அவை விரித்துரைத்தன. அவற்றுக்கு வேண்டிய விவரங்கள் பல தெஹ்ரானிலிருந்த பிரித்தானியத் தூதரகத்திலிருந்தே சென்றன. தங்கள் உள்ளத்திற் கிடந்து வெளியே சொல்ல அஞ்சியவற்றை மக்கள் முதன்முறையாக வானொலியிற் கேட்டனர். செப்டெம்பர் 16இல் ரிஸா ஷா முடிதுறந்தார். அவரை ஏற்றிச் சென்ற கப்பல் பம்பாய்த் துறையில் நின்றபோதும் கரையிறங்க விடவில்லை. மொரீசியஸ் தீவில் வைத்தனர்; பின்னர் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். ஜொகன்னஸ்பேர்க் நகரில் 1944இல் அவர் மரணமானார்.

கொடுங்கோலர் போனார் என்று மக்கள் மகிழ்ந்தனர்; அவரைப் போக்கியவன் அந்நியன் என்பதையும் மனத்திற் குறித்துக்கொண்டனர். பி.பி.சி. கூறியது பொய்யன்று. ஆனால் அது அந்த உண்மையை ஏன் முந்திய ஆண்டு கூறவில்லை? அப்போது மன்னர் லண்டனுக்கு வேண்டியவராயிருந்தார். வேண்டாதவரானதும் உண்மை வெளிவந்தது. உண்மையையும் ஆயுதமாக வீசலாம் என்பதை ஈரானியர் அன்று கற்றனர். பி.பி.சி. ஒருவரை ஏசத் தொடங்கினால் அவருடைய நாட்கள் எண்ணப்படுகின்றன என்ற நம்பிக்கை அந்தச் செப்டெம்பரிலேயே வேரூன்றியது. பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அதனை அகற்ற எவராலும் இயலவில்லை.

1951இல் டாக்டர் முஹம்மது முஸாதிக் பிரதம மந்திரியானார், எண்ணெய் நாட்டுடைமையாயிற்று. பிரித்தானிய அரசாங்கமே பெரும்பங்காளியாயிருந்த எண்ணெய்க் கம்பனி வெளியேறவேண்டியதாயிற்று. லண்டன் வானொலி இப்போது முஸாதிக்கைத் தாக்கும் விமர்சனங்களை ஒலிபரப்ப முனைந்தது. அப்போது நடந்த ஒரு சம்பவம் போற்றத்தக்கது. பி.பி.சி. பாரசீகப் பகுதியிற் பணியாற்றிய ஈரானியர் சிலர் அவ்விமர்சனங்களை வாசிக்க மறுத்துச் சில நாட்கள் கடமைக்கு வராதிருந்தனர். அந்நியனிடம் சம்பளம் பெற்றும் அந்நியன் தந்த தாளை வாசிக்காத அந்த மௌனம், அவர்கள் வாசித்த எந்தச் செய்தியையும்விட உரத்து ஒலித்தது.

முஸாதிக் மக்களின் அன்பைப் பெற்றவர். தெஹ்ரான் வானொலியும் அவருடைய அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. ஆயினும் மக்களிடம் அனைத்தையும் சொல்லிவிடவேண்டும் என்ற துணிவு அவருக்கும் முழுமையாக இருக்கவில்லை. 1953 ஓகஸ்ட் 15 நள்ளிரவையொட்டி, கர்னல் நஸீரி என்ற படைத் தலைவர் அவரைப் பதவி நீக்கும் ஷாவின் ஆணைப் பத்திரத்தோடு வந்தார். வந்த இடத்திலேயே கைதானார். மறுநாட் காலையில் வானொலி, சதிப் புரட்சி ஒன்று முறியடிக்கப்பட்டதென அறிவித்தது. மன்னர் கையொப்பமிட்ட ஆணை ஒன்று வந்ததென்பதை அது கூறவில்லை. ஷா விமானமேறி பாக்தாத் சென்றார். அங்கிருந்து ரோமாபுரி சென்றார். மறைத்த அந்தப் பத்திரத்தின் படிகளை அமெரிக்க மத்திய உளவு ஸ்தாபனத்தின் ஆட்களும் அவர்களோடு சேர்ந்த ஈரானியரும் பெருக்கி நகரிற் பரப்பினர். ஓகஸ்ட் 19 காலைப் பத்திரிகைகளில் அது படத்தோடு வெளிவந்தது. எதிரிக்குப் பொய்கூட அன்று தேவைப்படவில்லை. அரசாங்கம் மறைத்த ஓர் உண்மையே போதுமாயிருந்தது. முஸாதிக்கின் வீழ்ச்சிக்கு அந்நியப் பணமே தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய வானொலி மூன்று நாட்கள் காத்த மௌனம் அப்பணத்தின் வேலையை எளிதாக்கியது என்பதையும் வரலாறு குறிக்கவேண்டும்.

அன்று பிற்பகல் வானொலி நிலையம் கைமாறியது. கைப்பற்றியவர்கள் ஒலிபரப்பிய முதற் செய்திகளுள் ஒன்று, வெளிநாட்டு மந்திரி ஹுசைன் பாத்திமி கும்பலின் கையிற் கொல்லப்பட்டார் என்பது. அது பொய். பாத்திமி அப்போது உயிரோடிருந்தார்; அடுத்த ஆண்டு பிடிபட்டு, 1954 நவம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை தளபதி ஸாஹிதி மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டு அதே வானொலியிற் பேசிப் பிரதம மந்திரியானார். முஸாதிக் மூன்றாண்டு சிறையிலிருந்தார். பின்னர் 1967இல் இறக்கும்வரை அஹ்மதாபாத் கிராமத்தில் காவலில் வாழ்ந்தார்.

இச்சதிக்குமுன், லண்டன் தன்னை ஆதரிக்கிறதா என்று ஷா உறுதிபெற விரும்பினாராம். அதற்காக பி.பி.சி. பாரசீக ஒலிபரப்பில் நேரம் கூறும் வழக்கமான வாக்கியத்தில் ஒரு சொல்லைக் கூட்டி அவருக்குச் சைகை காட்டினார்களாம். இக்கதை எவ்வளவு சரி என்பதில் ஆராய்ச்சியாளரிடையே வேற்றுமை உண்டு. ஈரானியரிடையே வேற்றுமை இல்லை. அவர்கள் அதனை நம்பினர். மணி கூறும் குரலிலும் மறைபொருள் தேடும் ஒரு மக்கட் கூட்டம் அவ்வாறு உருவாயிற்று.

1953இன் பின் ஷாவின் வானொலி, ஓகஸ்ட் 19ஐ, அதாவது பாரசீக நாட்காட்டியின் முர்தாத் 28ஐ, தேசிய எழுச்சி நாள் என்று அழைத்தது. ஆண்டுதோறும் விடுமுறை, ஆண்டுதோறும் விழா. குடிகள் தாமே எழுந்து மன்னரை மீட்டனர் என்று இருபத்தைந்து ஆண்டுகள் அது ஓதியது. வீடுகளில் அதனைச் சதி என்றே அழைத்தனர். வாஷிங்டன் மறுத்துக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி அம்மையார் ஒருவர் தம் நாட்டின் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; 2013இல் உளவு ஸ்தாபனத்தின் பத்திரங்களே அதனை உறுதிசெய்தன. அறுபது ஆண்டுகளாகத் தெருப்பேச்சு என்று ஒதுக்கப்பட்டது அரசாங்க ஏட்டில் எழுதியிருந்த உண்மையாயிற்று. எல்லாவற்றிலும் சதியைக் காணும் ஈரானியரின் இயல்பை மேனாட்டார் எள்ளுவதுண்டு. எள்ளுமுன் இந்த அறுபது ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது நன்று.

அந்த இயல்பை ஈரானியரும் எள்ளினர். இராஜ் பெஸெஷ்க்ஸாத் 1973இல் வெளியிட்ட 'என் மாமா நெப்போலியன்' என்னும் நாவலில் ஒரு முதியவர் வருகிறார். அவருக்குக் குடும்பச் சண்டையிலும் ஆங்கிலேயனின் கை தெரியும். வீட்டைச் சுற்றி ஆங்கிலேயரின் ஒற்றர் நடமாடுவதாகவும் தோன்றும். 1976இல் தேசியத் தொலைக்காட்சி அதனைத் தொடர்நாடகமாக ஒளிபரப்பியபோது நாடே சிரித்தது. ஆனால் மன்னரே அந்த மாமாவாக இருந்தார் என்பது இரண்டாண்டுகளில் வெளிப்பட்டது.

1978 ஜனவரி 7ஆம் நாள், 'இத்திலாஆத்' என்ற மாலைப் பத்திரிகையில் புனைபெயரோடு ஒரு கட்டுரை வந்தது. அரசாங்கத்தின் வற்புறுத்தலாலேயே பத்திரிகை அதனை வெளியிட்டது. நாடு கடத்தப்பட்டு நஜப் நகரில் வாழ்ந்த ஆயத்துல்லா கொமெய்னியை அது இழித்துரைத்தது. அவருக்கு இந்தியத் தொடர்பு உண்டென்றும், ஆங்கிலேயக் குடியேற்றவாதத்தின் கையாளென்றும் சாடியது. அந்நியத் துணையால் அரியணை மீண்ட மன்னரின் அரசாங்கம், தன் எதிரியை அந்நியனின் ஆள் என்றது! இரு நாட்களின் பின் கும் நகரில் மாணவர் திரண்டனர், துப்பாக்கி வெடித்தது. இறந்தோருக்கு நாற்பதாம் நாட் சடங்கு, அதிலும் சூடு, மீண்டும் நாற்பதாம் நாள். இவ்வாறு ஒரு கட்டுரையிலிருந்து ஒரு புரட்சி புறப்பட்டது.

அவ்வாண்டின் ஓகஸ்ட் 19. முஸாதிக் வீழ்ந்த நாளின் இருபத்தைந்தாம் நிறைவு. எண்ணெய் நகரமான ஆபதானில் ரெக்ஸ் என்னும் படமாளிகையில் மக்கள் இரவுக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தனர். தீ மூண்டது, கதவுகள் பூட்டியிருந்தன. நானூறு பேர் வரையில் மாண்டனர். மதத் தீவிரர் செய்த கொடுமை இது என்று அரசாங்கம் கூறியது. எவரும் நம்பவில்லை. ஷாவின் இரகசியப் பொலிசாரே தீயிட்டனர் என்று நாடு முழுவதும் முடிவு செய்தது. தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தோர் ஷா ஒழிக என்று முழங்கினர். ஒரு வாரத்தில் மந்திரிசபை கவிழ்ந்தது. 1980இல், புரட்சிக்குப் பின் அமைந்த நீதிமன்றத்திலே, தீயிட்டவருள் ஒருவன் தன் செயலை ஒப்புக்கொண்டான். அவனும் தோழர்களும் இரகசியப் பொலிசார் அல்லர், மன்னருக்கு எதிரான மத ஆர்வங் கொண்ட இளைஞர். அரசாங்கம் சொன்னதே இம்முறை உண்மைக்கு அண்மையில் இருந்திருக்கிறது. நூறு முறை பொய் கூறிய வாய் நூற்றோராம் முறை மெய் கூறியது. அந்த மெய்யினாலேயே அது அழிந்தது.

அடுத்த மாதம் 8ஆம் நாள் தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்திற் படையினர் சுட்டபோதும் அவ்வாறே ஆயிற்று. இறந்தோர் எண்பதைச் சற்றுத் தாண்டினர் என்றது அரசாங்கம். ஆயிரக்கணக்கானோர் என்றனர் மக்கள். சுட்டவர் ஈரானியரே அல்லர், இஸ்ரேலியப் படையினர் என்றும் ஒரு வதந்தி ஓடியது. புரட்சி அரசாங்கத்தின் காலத்தில், தியாகிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஈரானிய எழுத்தாளர் அன்று நகரெங்கும் இறந்தவர் 88 பேர் என்று கண்டார். அந்த எண்பத்தெட்டு உயிர்களும் சிறிதல்ல. ஆனால் ஓர் அரசாங்கம் பிணங்களைச் சரியாக எண்ணிச் சொன்னபோதும் நம்பப்படாத நிலைக்கு வந்துவிட்டால், தன் மக்களோடு பேசுவதற்கு அதனிடம் வேறு என்ன எஞ்சியிருக்கும்?

இக்காலத்தில் ஈரானிய வீடுகளில் மாலை வேளையில் பி.பி.சி. ஒலித்தது. எங்கே ஊர்வலம், யார் அறிக்கை விட்டார், எத்தனை பேர் மாண்டனர் என்பதை மக்கள் அதிலேதான் அறிந்தனர். ஷா கொதித்தார். லண்டனிலிருந்த அவருடைய தூதுவர் மீண்டும் மீண்டும் முறையிட்டார். பிரித்தானிய அரசாங்கமோ அவருக்கு நட்புடையது. ஆயிரக்கணக்கில் டாங்கிகளை விற்க ஒப்பந்தம் செய்திருந்தது. அவர் வீழ்வதை அது விரும்பவில்லை. ஆயினும் பி.பி.சி. தன் போக்கில் எதிரணியாரின் கூற்றுக்களையும் ஒலிபரப்பியது. அரசாங்கத்தின் பணத்தில் நடக்கும் ஒரு வானொலி, அவ்வரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாகவும் பேசக்கூடும் என்பதை ஷாவால் கற்பனை செய்யவும் இயலவில்லை. அவர் அறிந்த வானொலி அவருடைய வானொலி ஒன்றே. 1941இல் தந்தையை வீழ்த்திய குரல் இப்போது தம்மை வீழ்த்த வந்துவிட்டதென்று அவர் நம்பினார். முல்லாவின் தாடியைத் தூக்கிப் பார்த்தால் இங்கிலாந்திற் செய்தது என்று எழுதியிருக்கும் என்ற வேடிக்கைப் பேச்சு அன்று உலவியது. அரண்மனை அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை. மக்களுள்ளும் பலர் அவ்வாறே கணக்கிட்டனர்: பி.பி.சி. இப்படிப் பேசுகிறது, ஆதலால் வல்லரசுகள் ஷாவைக் கைவிட்டுவிட்டன; இனி அஞ்சவேண்டியதில்லை. மன்னரும் குடிகளும் வேறு எதிலும் ஒன்றுபடவில்லை. லண்டன் வானொலிக்குப் பொருள் கொள்வதில் மட்டும் ஒன்றுபட்டனர்.

நவம்பர் 6இல் இராணுவ அரசாங்கம் அமைந்தது. பத்திரிகையாளர் 62 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இரவில் வீட்டுக் கூரைகளிலிருந்து இறைவன் பெரியவன் என்ற முழக்கம் எழுந்தது. பிரதம மந்திரியான தளபதி அஸ்ஹாரி, அவை ஒலிப்பதிவு நாடாக்கள் எழுப்பும் ஓசையே என்றார். மறுமொழி தெருவிலிருந்து வந்தது. பெருந்திரளானோர் ஊர்வலமாக நடந்துகொண்டே, நாடாவுக்குக் காலும் உண்டோ என்று தளபதியைக் கேட்டுப் பாடினர். உண்மையில் நாடாக்களும் இருந்தன. பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து கொமெய்னி பேசிய பேச்சுக்கள் தொலைபேசி வழியாக வந்து நாடாக்களிற் பதிவாகிப் பள்ளிவாசல்கள்தோறும் பரவிக்கொண்டிருந்தன.

1979 பெப்ரவரி 11 மாலை, தெஹ்ரான் வானொலி தன்னைப் புரட்சியின் குரல் என்று அறிவித்தது. இனி அயலானின் குரல் எதற்கு என்று எண்ணியோர் பலர். ஆனால் அந்தக் குரலும் விரைவில் ஒருவர் கைக்குள் அடங்கியது. புரட்சிக்குப் பின் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் முதல் தலைவராக வந்த சாதிக் குத்ப்ஸாதா, 1982இல் அதே தொலைக்காட்சியிற் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி நிறுத்தப்பட்டார். செப்டெம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அமீர் கபீரின் கதை நினைவுக்கு வராமற் போகாது. 1979 நவம்பரில் மாணவர் அமெரிக்கத் தூதரகத்துட் புகுந்து 444 நாட்கள் பிணைக்கைதிகளை வைத்திருந்ததற்கு 1953இன் நினைவே பெருங்காரணம். ஷா மருத்துவத்துக்கு நியூயோர்க் சென்றதும், மீண்டும் ஒரு சதி என்று நாடு அஞ்சியது. ஆயினும் அமெரிக்காவை நாள்தோறும் தூற்றிய அதே அரசாங்கம், ஈராக்குடன் நடந்த போரில் அமெரிக்க ஆயுதங்களை மறைவில் வாங்கியது. ஈரானியக் குடிகள் அதனை 1986 நவம்பரில் அறிந்தது பெய்ரூத் நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றின் மூலமே.

அயலான் உண்மையன்றி உரையான் என்று யாரேனும் எண்ணியிருந்தால் 1988 ஜூலை 3 அதனையும் போக்கியது. அன்று பாரசீகக் குடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். விமானம் தன் வழியை விட்டு விலகிக் கப்பலை நோக்கித் தாழ்ந்து பாய்ந்தது என்று வாஷிங்டன் முதலிற் கூறியது. அது தன் வழியிலேயே மேலேறிக்கொண்டிருந்தது என்பதைச் சில வாரங்களின் பின் அமெரிக்கக் கடற்படையின் விசாரணையே கண்டது. அம்முறை தெஹ்ரான் வானொலி கூறியதே சரி.

1996இல் அரசுத் தொலைக்காட்சி ஒரு தொடரில் நாட்டின் எழுத்தாளரையும் அறிஞரையும் அந்நியரின் கருவிகள் என்று காட்டியது. அதற்கு முந்திய ஆண்டே வீட்டுக் கூரைகளிற் செய்மதிக் கிண்ணம் வைப்பதற்குத் தடைச்சட்டம் வந்திருந்தது, கிண்ணங்கள் பெருகின. 2009இல் பி.பி.சி. பாரசீகத் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலிற் குழப்பம் மூண்டபோது, அரசாங்கம் மீண்டும் இங்கிலாந்தின் கையைக் கண்டது.

2020 ஜனவரி 3இல் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கர் பாக்தாத்திற் கொன்றனர். இறுதி ஊர்வலத்தில் மக்கள் கடலெனத் திரண்டனர். ஆட்சியை விரும்பாதோரும் அதிற் கலந்துகொண்டனர். அந்நியன் தம் நாட்டவனைக் கொன்றான் என்ற சினம் அவர்களை அழைத்துவந்தது. ஜனவரி 8 காலை தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரேனிய விமானம் வீழ்ந்தது. 176 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஈரானியரும் ஈரானிய வம்சத்தவரும். இயந்திரக் கோளாறு என்றது தொலைக்காட்சி. ஏவுகணை பட்டது என்று அயல்நாடுகள் கூறியபோது, அது பகைவரின் உளப்போர் என்றனர் அதிகாரிகள். மூன்று நாட் கழித்து, 11ஆம் நாள், தம் படையினரே தவறுதலாகச் சுட்டதாக ஒப்புக்கொண்டனர். அன்று மாலையே மாணவர் தெருவுக்கு வந்தனர். அமெரிக்காவின் மேல் இருந்த சினம் ஒரு வாரத்துக்குட் சொந்த அரசாங்கத்தின் மேல் திரும்பியது. அரசுத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் சிலர் பதவி விலகினர். பல்லாண்டு பொய் கூறியதற்காக ஒருவர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1988இல் ஒரு விமானம், 2020இல் ஒரு விமானம். முன்னதில் அயலான் பொய் கூறினான், பின்னதில் வீட்டுக்காரன் கூறினான். எவனுடைய பொய் அதிகம் சுட்டது என்பதை அந்த மாணவரின் முழக்கங்கள் காட்டின.

2025 ஜூன் 13இல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. இஸ்ரேலியப் பிரதம மந்திரி ஈரானிய மக்களை நேரடியாக விளித்து, ஆட்சிக்கு எதிராக எழுமாறு அழைத்தார். அழைப்பைக் கேட்டவருள் பலர் தம் தொலைக்காட்சியை நம்பாதோர்; ஆட்சியின் வீழ்ச்சியை விரும்பியோரும் அவருள் இருந்தனர்; தாக்குதலை வரவேற்றோரும் இல்லாமலில்லை. ஆயினும் அந்தப் பன்னிரண்டு நாட்களில் அவர் அழைத்த எழுச்சி நிகழவில்லை. 16ஆம் நாள் தெஹ்ரானிலுள்ள அரசு ஒலிபரப்பு மாளிகை நேரடி ஒளிபரப்பின் நடுவிலேயே குண்டடிபட்டது. அறிவிப்பாளர் எழுந்து ஓடியதை உலகம் கண்டது. ஓரிரு நாட்களில் இணையத் தொடர்பை அரசாங்கமே அறுத்தது. தம் தலைமேல் விழுவது என்ன என்பதை அறியத் தெஹ்ரான் மக்கள் தாம் நம்பாத தொலைக்காட்சியையும், தடைசெய்யப்பட்ட கிண்ணத்தின் வழி வந்த அயலாரின் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்திருந்தனர்.

23ஆம் நாள் இஸ்ரேலிய விமானங்கள் எவின் சிறைச்சாலையைத் தாக்கின. ஷாவின் காலத்திலிருந்து, அரசாங்கத்தின் சொல்லை மறுத்தோரை அடைத்துவைத்த இடம் அது. 71 பேர் இறந்தனர் என்று நீதித்துறை அறிவித்தது. சிறைக் காவலரும் ஊழியரும் அயலில் வாழ்ந்தோரும் அவருள் அடங்குவர், கைதிகளும் இருந்தனர், சிறையிலிருந்த தம் உறவினரைப் பார்க்க அன்று வந்திருந்தோரும் இருந்தனர்.